ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூல ஓவியம், இசை, நாடகம்: ராம்நாடு கடற்கரைப் பக்கம் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலம் ஆரம்பிச்சா என் போன் ஒரு மாசத்துக்கு ஓயாது. மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டின்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் அம்மாமாரும் புள்ளைங்களும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கதான். நான் ராமநாதபுரத்துல சனி ஞாயிறு ட்ராயிங் க்ளாஸ் எடுக்குறேன், கும்பகோணத்துல பிஎஃப்ஏ, அதாவது கவின் கலை டிகிரி, முடிச்சவ. தம்பி மிருதங்கம் வாசிக்கிறான், சித்தப்பா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவரு, அதனால மூணு பக்கத்துக் கேள்வியும் சுத்தி எங்க வீட்டுக்குத்தான் வரும். கேட்டவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்வியப் போட்டு, எனக்கு உறுதியாத் தெரிஞ்சத மட்டும் பதிலா எழுதியிருக்கேன்.

ப்ளஸ் ஒன்ல ட்ராயிங், பாட்டு, நாடகம் இதெல்லாம் ஒரு சப்ஜெக்டா எடுக்க முடியுமா முடியாதா?

ஸ்டேட் போர்டுல முடியாதுன்னே வச்சுக்கங்க. தமிழ், இங்கிலீஷ் போக நாலு பாடம், ஆறுக்கும் நூறு நூறா மொத்தம் 600 மார்க்கு. அந்த நாலுல ஓவியமோ இசையோ வர்ற க்ரூப்ப நம்ம பக்கத்து ஸ்கூல் எதுலயும் நான் பாத்ததில்ல. ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பகுதிநேர ஓவிய ஆசிரியர் வந்து போவாங்க, அதுவும் இருக்குற ஸ்கூல்லதான், ப்ளஸ் ஒன் வந்துட்டா அந்தப் பீரியடே கிடையாது.

சிபிஎஸ்இ பட்டியல்ல ஓவியமும் இசையும் நிறையவே இருக்கு. பெயிண்டிங், சிற்பம், கமர்ஷியல் ஆர்ட், கர்நாடக சங்கீதத்துல வாய்ப்பாட்டு, வாத்தியம், தாள வாத்தியம் தனித்தனியா, பரதநாட்டியம்கூட. ஆனா போர்டு பட்டியல்ல இருக்குறது வேற, நம்ம புள்ள சேரப்போற ஸ்கூல்ல அதுக்கு ஒரு டீச்சர் உக்காந்திருக்குறது வேற. அட்மிஷன் போடுறதுக்கு முன்னாடி நேர்ல போயி, போன வருஷம் பன்னெண்டாவதுல இந்தப் பாடத்த எத்தன பேரு எழுதுனாங்கன்னு கேளுங்க. எண்ணிக்கை சொன்னாங்கன்னா நம்பலாம், "பாத்துக்கலாம் சார்"னு சொன்னா இல்லன்னு அர்த்தம். அஞ்சு பாடம் போக ஆறாவதா கூடுதல் பாடம் எடுக்கவும் அந்த போர்டுல வழி இருக்கு, அதையும் கேட்டுருங்க. நாடகத்த ஒரு பாடமா நடத்துற ஸ்கூல நம்ம மாவட்டத்துல நான் இன்னும் பாக்கல.

எம்மவ ஆர்ட்ஸ் க்ரூப்தான் எடுத்திருக்கா, அப்ப ட்ராயிங் சொல்லித் தருவாங்கல்ல?

இல்லைங்கம்மா. நம்ம ஊர்ல ஆர்ட்ஸ் க்ரூப்னு சொல்றது வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் மாதிரி பாடங்கள. பேர்ல ஆர்ட்ஸ் இருக்கே ஒழிய அதுல பென்சில் புடிக்கிற வேலையே இல்ல. வருஷத்துக்கு நாலஞ்சு வீட்டுல இந்தக் குழப்பம் நடக்குது, ஜூன்ல சேந்துட்டு ஆகஸ்ட்ல எனக்குப் போன் போடுறாங்க, அதனாலதான் இத ரெண்டாவது கேள்வியாவே வச்சேன்.

சிபிஎஸ்இல பெயிண்டிங் எடுத்தா பரீட்சை எப்படி, படம் வரைஞ்சாப் போதுமா?

போதாது, ஆனா பெரும்பங்கு அதுதான். எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. அந்த 70ல பொருளையும் இயற்கையையும் பாத்து வரையிறதுக்கு 25, கற்பனையா ஒரு காட்சிய அமைச்சு வண்ணம் தீட்டுறதுக்கு 25, வருஷம் பூரா செஞ்ச வேலையத் தொகுத்து வைக்கிற போர்ட்ஃபோலியோவுக்கு 20. கடைசி 20தான் நம்ம புள்ளைங்க கோட்டை விடுறது, ஏன்னா பிப்ரவரியில உக்காந்து ஒரு வருஷ வேலைய ஒரு வாரத்துல போலி பண்ண முடியாது, பாக்குறவங்களுக்கு முதல் பக்கத்துலயே தெரிஞ்சுரும்.

எழுத்துத் தேர்வுல பதினொன்னாவதுக்கு பாறை ஓவியம், சிந்துவெளி, அஜந்தா, கோயில் சிற்பம், வெண்கலச் சிலைன்னு போகும். பன்னெண்டாவதுல ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காண ஓவியம், அப்புறம் வங்காளப் பள்ளி, நவீன ஓவியம். படிச்சு எழுதக்கூடிய அளவுதான். கர்நாடக சங்கீதத்துக்கும் அதே 30, 70 கணக்கு.

அப்ப ஸ்டேட் போர்டு புள்ளைக்கு வழியே இல்லையா?

இருக்கு, ஆனா ஸ்கூலுக்கு வெளிய இருக்கு. அரசுத் தேர்வுத் துறை நடத்துற தொழில்நுட்பத் தேர்வு ஒன்னு இருக்கு, அதுல ஓவியமும் இசையும் லோயர், ஹையர்னு ரெண்டு கட்டமா எழுதலாம். தனித்தேர்வரா ப்ளஸ் ஒன் படிச்சுக்கிட்டே எழுதுற புள்ளைங்க எங்கிட்டயே இருக்காங்க, லோயர் முடிச்சாத்தான் ஹையர். அந்த சர்ட்டிஃபிகேட் பின்னால எதுக்கு உதவும்னு வேலை பத்தின கேள்வியில சொல்றேன்.

சின்னதுங்களா இருந்தா சவகர் சிறுவர் மன்றம். கலை பண்பாட்டுத் துறை நடத்துறது, 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும்தான் சேப்பாங்க. ப்ளஸ் ஒன் வர்ற புள்ளைக்கு அந்த வயசு கையில இருந்து நழுவிக்கிட்டு இருக்கும், ஆனா வீட்டுல ஆறாவது படிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா இப்பவே கொண்டு போய் விடுங்க. 2022ல இருந்து அரசுப் பள்ளியில கலைத் திருவிழா நடக்குது. மாநிலம் வரைக்கும் போய் ஜெயிச்சா கலையரசன், கலையரசின்னு பட்டம். அரசுப் பள்ளிப் புள்ள யாரா இருந்தாலும் பேரு குடுக்கச் சொல்லுங்க, பரிசு வருதோ இல்லையோ பக்கத்து ஊருப் புள்ள எப்படி வரையுதுன்னு பாக்குறதுக்கு நம்ம பக்கம் வேற வாய்ப்பே இல்ல.

இசைப்பள்ளியில சேந்துக்கிட்டே ப்ளஸ் டூவும் படிக்கலாமா?

ராமநாதபுரத்துல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. 12 வயசுல இருந்து 25 வயசு வரைக்கும் சேரலாம், மூணு வருஷப் படிப்பு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், பரதம், நாதஸ்வரம், தவில், தேவாரம்னு பிரிவுங்க இருக்கு. நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும், மத்ததுக்கு ஏழாவது பாஸ்.

சிக்கல் என்னன்னா அது பகல் நேரத்துல முழு நேரமா நடக்குற பள்ளி, ஸ்கூல் பெல் அடிக்கிற நேரமும் அதே நேரம்தான். அதனால ரெகுலர் ப்ளஸ் டூவையும் இதையும் ஒரே புள்ள ஒரே நேரத்துல பண்ண முடியாது. ப்ளஸ் டூவ முடிச்சுட்டு 17, 18 வயசுல சேந்தாலும் 25க்குள்ள நிறைய நேரம் இருக்கு. இல்ல, புள்ளைக்கு இதுதான் உசுருன்னா இசைப்பள்ளியில சேத்துட்டு ப்ளஸ் டூவ திறந்தநிலைப் பள்ளியில தனியா எழுத வைக்கலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளியில பன்னெண்டாவதுக்கு பெயிண்டிங் ஒரு பாடமாவே இருக்கு. ரெண்டாவது வழிக்கு வீட்டுல ஒரு ஆளு தேதி தேதியா பின்னாடி நிக்கணும், ஃபீஸ் கட்டுறது, ஹால் டிக்கெட்டு, அசைன்மென்ட்டு எல்லாம் நம்மதான் பாக்கணும். அதுக்கு ஆளில்லாத வீட்டுக்கு முதல் வழிதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

ஃபைன் ஆர்ட்ஸ் போகணும்னா எந்த க்ரூப் எடுக்கணும்?

பிஎஃப்ஏவுக்கு எந்த க்ரூப்பும் சரி, ப்ளஸ் டூ பாஸ் ஆனாப் போதும். நான் காமர்ஸ் க்ரூப். ஃபேஷனுக்கு நிஃப்ட், டிசைனுக்கு என்ஐடி, ரெண்டுக்கும் க்ரூப் தடையில்ல, தனியா நுழைவுத் தேர்வு எழுதணும்.

ஆனா ஒரு இடத்துல கவனமா இருங்க. ஆர்க்கிடெக்சர் போகணும்ங்கிற ஆசை கொஞ்சமாச்சும் இருந்தா மேக்ஸும் பிசிக்ஸும் கட்டாயம், நாட்டாங்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வும் எழுதணும். தரமணியில இருக்குற எம்ஜிஆர் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்லயும் கேமரா, சவுண்டு மாதிரிப் பிரிவுக்கு சயின்ஸ் பாடம் கேப்பாங்க. நல்லா வரையிற புள்ள, கணக்கும் வரும்னா, மேக்ஸ் க்ரூப்ப விட்டுறாதீங்க, இந்தக் கதவ ஒரு தடவ மூடுனா திறக்குறது கஷ்டம். கணக்கே வரல, அழுகுறான்னா அந்த ரெண்டு வருஷத்த நரகமாக்காதீங்க, காமர்ஸோ வரலாறோ எடுத்துட்டு நிம்மதியா வரையட்டும்.

மார்க்கு கம்மி, வேற எதுவும் வராது, அதனால ட்ராயிங்ல போடலாம்னு பாக்குறோம், சரியா வருமாக்கா?

வராது. வரையிற ஆசை இருந்து மார்க்கும் கம்மின்னா வாங்க, ரெண்டு கையாலயும் கூப்புடுறேன். மார்க்கு கம்மிங்கிறது மட்டும்தான் காரணம்னா அந்தப் புள்ள இங்கயும் கஷ்டப்படும். நாலு மணி நேரம் ஒரு மண் பானைய முன்னாடி வச்சு அதோட நிழல் எங்க முடியுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும், அதுக்குப் பொறுமை வேணும், பொறுமை ஆசையில இருந்துதான் வரும். புள்ளைய ஒரு மாசம் வரைய விட்டுப் பாருங்க. சொல்லாமலே நோட்ட எடுக்குறானா, சொன்னாத்தான் எடுக்குறானா, அத வச்சு முடிவு பண்ணுங்க.

சென்னை, கும்பகோணம் காலேஜ் என்ட்ரன்ஸுக்கு என்ன பண்ணணும், சென்னை போய்க் கோச்சிங் சேரணுமா?

எழும்பூர்ல இருக்குற அரசு கவின் கலைக் கல்லூரி 1850ல அலெக்சாண்டர் ஹன்டர்ங்கிற டாக்டர் ஆரம்பிச்சது, கும்பகோணம் காலேஜ் 1887. ரெண்டுலயும் நாலு வருஷ பிஎஃப்ஏ. மாமல்லபுரத்துல 1957ல வந்த சிற்பக் கல்லூரி இருக்கு, கல்லு, மரம், உலோகம், மரபுக் கட்டடக்கலைன்னு அங்க வேற உலகம். கவின் கலைக் கல்லூரியில சேர செய்முறைத் தேர்வு வைப்பாங்க, அதாவது அங்கயே உக்காந்து வரையணும். மனப்பாடம் பண்ணி வச்சிருக்குற சீனரி, ரெண்டு மலை நடுவுல சூரியன், இதெல்லாம் அங்க எடுபடாது, கண்ணால பாத்தத கையால கொண்டு வர முடியுதான்னுதான் பாப்பாங்க.

கோச்சிங்குக்கு சென்னை போகணும்னு இல்ல. நம்ம கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் நின்ன எடத்துல நிக்கும், பாதி கரையேத்திப் போட்டு மராமத்துப் பாப்பாங்க. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சு காலேஜ் சேர்ற வரைக்கும் உள்ள நாளும் அதே நாள்தான். மண்டபத்துலயோ பாம்பன்லயோ போய் ஒரே படக எடுத்துக்கிட்டு முன்னாடி இருந்து ஒன்னு, பக்கத்துல இருந்து ஒன்னு, அணியத்துக்கு, அதாவது படகோட முன் முனைக்கு, கீழ தரையில உக்காந்து ஒன்னுன்னு வரைங்க. படகு மாதிரி கஷ்டமான பொருள் இல்ல, அதுல ஒரு நேர்கோடுகூடக் கிடையாது, பலகை ஒவ்வொன்னும் ரெண்டு பக்கமா வளையும், பாதிப் பேரு அத வாழைப்பழம் மாதிரி வரைஞ்சுட்டு வந்துருவாங்க. நடுவுல ஒரு கோடு போட்டு, அகலம் எங்க அதிகம், அது நீளத்துல எத்தனாவது பங்குல வருதுன்னு பென்சில நீட்டி அளந்து பாத்து வரைஞ்சா ஒரு வாரத்துல படகு படகா நிக்கும். படக வரைஞ்சவங்களுக்கு பானையும் பாட்டிலும் பயமே இல்ல. கூடவே வலை பின்னுறவங்க, பெயிண்ட் அடிக்கிறவங்கள கேட்டுக்கிட்டு வரைங்க. மனுசங்கள வரைய அதவிட நல்ல எடம் எனக்குத் தெரியாது, அவங்க உக்காந்தா ஒரு மணி நேரம் அசைய மாட்டாங்க.

எங்க பக்கம் மியூசியமும் இல்ல ஆர்ட் கேலரியும் இல்ல, எதப் பாத்துக் கத்துக்கிறது?

இந்தக் கேள்வி கேட்டா எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும். ராமநாதபுரம் அரண்மனைக்குள்ள ராமலிங்க விலாசம் இருக்கு, டவுன் பஸ்ல போற தூரம், கேட்ட புள்ளைங்கள்ல பாதிப் பேரு உள்ள போனதே இல்லைங்கிறாங்க. 1700கள் தொடக்கத்துல சேதுபதிங்க காலத்துல வரைஞ்ச ஓவியம் சுவரு, வளைவு, தூணுன்னு எல்லா எடத்துலயும். தஞ்சாவூர் மராட்டியரோட நடந்த சண்டை, பீரங்கி, குதிரை, வெள்ளைக்காரங்க வந்து சேதுபதியப் பாக்குறது, ராஜராஜேஸ்வரி அம்மன் கையால சேதுபதி செங்கோல் வாங்குறது, ராமாயணம், பாகவதம் எல்லாம் இருக்கு. தொல்லியல் துறை பராமரிக்கிற எடம்.

போனா எல்லாத்தையும் பாக்காதீங்க. ஒரு சுவருக்கு முன்னாடி உக்காருங்க. சண்டைக் காட்சியில ஆளுங்க ஒருத்தருக்குப் பின்னாடி ஒருத்தரு எப்படி அடுக்கி நிக்கிறாங்கன்னு பாருங்க, தூரத்துல இருக்குறவன சின்னதா வரைஞ்சு ஆழம் காட்டல, மேல மேல அடுக்கித்தான் கூட்டத்தக் காட்டியிருக்காங்க. ராஜாவ மட்டும் பெருசா வச்சிருப்பாங்க. வளைஞ்ச சுவருல அந்த உருவம் நெளியாம எப்படி உக்காருதுன்னு பென்சில்ல காப்பி பண்ணிப் பாத்தா அப்பத்தான் தெரியும் அது எவ்வளவு பெரிய வித்தைன்னு. மேல சொன்ன சிபிஎஸ்இ பாடத்துல ராஜஸ்தானியும் முகலாயமும் படிக்கிற புள்ள, அதே காலத்து ஓவியம் நம்மூர்ச் சுவருல எப்படி இருந்துச்சுன்னு பக்கத்துல வச்சுப் பாத்தா ரெண்டும் சேந்து புரியும். ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிரகாரத்தையும் இதே மாதிரி பயன்படுத்துங்க, அவ்வளவு நீளமா ஒரே மாதிரித் தூணுங்க வரிசையா நிக்கிற எடத்த விட பர்ஸ்பெக்டிவ் படிக்க வேற புத்தகம் வேணாம்.

எம்புள்ளைக்கு பதினஞ்சு வயசு, குரல் உடையுது, பாட்டு வாத்தியாரு கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்றாரு, அப்படியே விட்டுருவோமா?

விட்டுறாதீங்க. இதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரு மகரக்கட்டு. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகத்துல கதாநாயகனா பாடிக்கிட்டு இருந்த பையன் மகரக்கட்டு வந்ததும் பாட்டில்லாத வேஷத்துக்குப் போயிருவான், அதோட வாழ்க்கையே திசை மாறினவங்க உண்டு. நீங்க கம்பெனி நடத்தல, அதனால அவசரம் இல்ல. மேல் ஸ்தாயியில கத்திப் பாட வைக்கக்கூடாது, அவ்வளவுதான். சுருதியக் குறைச்சு, வலிக்காத எடத்துல, தினம் கால் மணி நேரம் சரளி வரிசை, ஜண்டை வரிசைன்னு ஆரம்பப் பயிற்சிய மெதுவாப் பாடட்டும். மீதி நேரம் தாளம் போட்டுப் பழகட்டும், சாகித்யத்த எழுதிப் பாடம் பண்ணட்டும், கேக்கட்டும்.

குரல் எங்க போய் நிக்குதுன்னு சில மாசத்துல தெரிஞ்சிரும், அப்பப் புதுசாக் கட்டை, அதாவது அவன் பாடுற சுருதி, எதுன்னு பாத்துக்கலாம். கர்நாடக சங்கீதம் கத்துக்குற புள்ளைங்க எல்லாரும் பாடுற அந்த மோகன வர்ணம், அத இயற்றுனது பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார், 1860ல நம்ம ராமநாதபுரத்துல பொறந்தவரு, அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு குரு. பையனுக்கு இதச் சொல்லுங்க. நம்மூருக்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமில்லன்னு நெனச்சுக்கிட்டு வளர்ற புள்ளைங்க நிறைய.

கடல் காத்துல மிருதங்கம் இறங்கிப் போகுது, பேப்பர் நமுத்துப் போகுது, என்னக்கா பண்றது?

மிருதங்கத்த வெறும் தரையில வைக்காதீங்க, துணி உறை போட்டு பலகை மேல வைங்க, நமுத்துருச்சுன்னு வெயில்ல காய வைக்கவே கூடாது, தோல் வெடிச்சிரும். தொப்பியில, அதாவது இடது பக்கத் தோல்ல, ரவை ஒட்டி வாசிச்சா முடிஞ்ச ஒடனே சுரண்டித் தொடச்சிரணும், அப்படியே விட்டா நம்ம ஈரக்காத்துக்கு ஒரே ராத்திரியில புளிச்சு நாறும். வீணை, வயலின் கம்பிய வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால தொடைங்க, துரு அங்கதான் ஆரம்பிக்கும்.

பேப்பருக்கு, வரைஞ்சத எல்லாம் ப்ளாஸ்டிக் ஃபோல்டர்ல போட்டு கட்டிலுக்கு அடியில இல்லாம அலமாரி மேல்தட்டுல வைங்க. ஸ்டீல் க்ளிப்பு வேணாம், மூணு மாசத்துல பேப்பர்ல பழுப்புக் கோடு விழும், அந்த ஒரு கோட்டுக்காக ஒரு புள்ள போர்ட்ஃபோலியோ படத்தத் திரும்ப வரைஞ்சிச்சு. வாட்டர் கலர் மழை மாசத்துல லேசுல காயாது. முதல் பூச்சு காயறதுக்குள்ள ரெண்டாவது பூசுனா சேறாயிரும், அதனால ஒரே நேரத்துல ரெண்டு படம் போடுங்க, ஒன்னு காயறப்ப இன்னொன்னு.

நாடகம் நாடகம்ங்கிறீங்களே, அது வள்ளித் திருமணம் மாதிரியா? படிக்கிற புள்ள அத வச்சு என்ன பண்ணும்?

வள்ளித் திருமணம் மாதிரியும்தான். சங்கரதாஸ் சுவாமிகள், 1867ல இருந்து 1922 வரைக்கும் வாழ்ந்தவரு, அவரு எழுதுன பாட்டையும் வசனத்தையும் வச்சுத்தான் இன்னைக்கு வரைக்கும் நம்ம ஊர்த் திருவிழாவுல ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நாடகம் நடக்குது. ஸ்பெஷல் நாடகம்னு சொல்றதுல கதாநாயகன் வேஷம் போடுற ராஜபார்ட் ஒரு ஊரு, கதாநாயகி வேஷம் போடுற ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் இன்னொரு ஊரு, ஒவ்வொருத்தரையும் தனித்தனியா பேசி வரவழைப்பாங்க, ஒத்திகையே கிடையாது. வள்ளியும் நாரதரும் தர்க்கத்துக்கு நிக்கிறப்ப யாரு எந்தப் பாட்டத் தூக்குவாங்கன்னு யாருக்கும் தெரியாது. எங்க சித்தப்பா ஆர்மோனியப் பெட்டியில விரல வச்சுக்கிட்டு நடிகரோட வாயையே பாத்துக்கிட்டு இருப்பாரு, உதடு திறக்குற அந்த நொடியில சுருதிய குடுத்துருவாரு. மேடையில அவரு பக்கத்துல உக்காந்து நான் பாத்திருக்கேன், அத எந்த வகுப்புலயும் சொல்லித் தர முடியாது, பக்கத்துல இருந்துதான் கத்துக்கணும். கத்தோலிக்க ஊருங்கள்ல தவக்காலத்துல போடுற பாஸ்கு, அதாவது ஏசுவோட பாடுகளச் சொல்ற நாடகம், அதுவும் அப்படித்தான், ஊரே சேந்து நடிக்கும், ஒரு பொடியன் முதல் தடவ மேடையேறி நாலு வரி பேசுற எடம் அது.

படிப்புன்னு பாத்தா ப்ளஸ் டூ முடிச்ச ஒடனே நாடகத்துக்குப் போற பெரிய வழிங்க குறைச்சல். டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்கு டிகிரி வேணும், நாடகத்துல நடிச்ச அனுபவமும் கேப்பாங்க, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல நிகழ்கலைத் துறையும் டிகிரிக்கு மேலதான். அதனால ஸ்கூல் ஆண்டு விழா, கலைத் திருவிழா, ஊர் நாடகம் எதுல மேடையேறினாலும் தேதி, என்ன வேஷம், யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு ஒரு நோட்ல எழுதி ரெண்டு போட்டோ ஒட்டி வைங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த நோட்டுதான் பேசும்.

பொம்பளப் புள்ளைய நாடகத்துக்கெல்லாம் விட முடியுமா, நாலு பேரு என்ன சொல்லுவாங்க?

ராத்திரி முழுக்க நடக்குற எடத்துக்கு பதினாறு வயசுப் புள்ளையத் தனியா அனுப்புங்கன்னு நான் சொல்ல மாட்டேன், கூட அம்மாவோ அக்காவோ இருக்கணும், ஆம்பளப் புள்ளைக்கும் அதேதான். ஆனா நடிக்கிற பொண்ணுங்க மேல ஊரு வைக்கிற பேச்ச நான் ஏத்துக்க மாட்டேன். எங்க சித்தப்பா கூட மேடையேறுற அக்காமாரு ராத்திரி பூரா நின்னு பாடி, காலையில மொத பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போய் புள்ளைக்குச் சோறாக்கி ஸ்கூலுக்கு அனுப்புறவங்க. அவங்கள ஒரு தடவ வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு காப்பி குடுத்துப் பேசிப் பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

எங்க வாப்பா உருவம் வரையக்கூடாதுங்கிறாங்க, ஆனா எனக்கு வரையணும், என்ன செய்யக்கா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டியில இருந்து வர்ற பொண்ணுங்க கேக்குறது இது. வாப்பாவோட மல்லுக்கட்டாதம்மா, அவங்க நம்பிக்கைய மதிச்சுக்கிட்டே போற தூரம் நிறைய இருக்கு. எழுத்தணி, பூவேலை, கோலம் மாதிரியான வடிவக் கணக்கு, துணி டிசைன், செராமிக், இதுல எதுலயும் உருவம் தேவையில்ல. கீழக்கரை பழைய ஜும்மா பள்ளியில கல்தூணப் போய்ப் பாரு, நம்ம கோயில்ல பாக்குற அதே தச்சுக் கை, ஆனா உருவமே இல்லாம பூவும் கொடியுமா செதுக்கியிருக்காங்க. அந்தக் கொடி எங்க ஆரம்பிச்சு எங்க திரும்புதுன்னு ஒரு பேப்பர்ல எடுத்துப் பழகு.

பிஎஃப்ஏவுல டெக்ஸ்டைல், செராமிக் பிரிவுங்க இருக்கு. ஆனா காலேஜுக்குள்ள போனா எல்லாருக்கும் பொதுவான வகுப்புல மனுச உருவம் வரையிற பயிற்சி வரும், அத மறைச்சு உன்ன அனுப்ப எனக்கு மனசில்ல. வாப்பாகிட்ட முன்னாடியே சொல்லிப் பேசிரு. படிப்புக்காக வரையிறது பரவாயில்லன்னு சம்மதிச்ச வாப்பாமாரையும் பாத்திருக்கேன், வேணாம்னவங்களையும் பாத்திருக்கேன். வேணாம்னா நிஃப்ட் பக்கம் துணி வடிவமைப்புன்னு போறதப் பத்தி யோசிக்கலாம்.

சரி, இதெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?

அரசு வேலைன்னு கேட்டா, நாலாவது கேள்விக்குப் பதில்ல சொன்ன ஹையர் தேர்வோட தொழில் ஆசிரியர் சர்ட்டிஃபிகேட் கோர்ஸும் முடிச்சா ஓவிய, இசை ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனா அந்தப் பணியிடம் எப்பவோ ஒரு தடவதான் அறிவிப்பாங்க, அத மட்டும் நம்பி உக்காராதீங்க. பிஎஃப்ஏவும் ஒரு டிகிரிதான், ஏதாவது ஒரு டிகிரின்னு கேக்குற டிஎன்பிஎஸ்சி தேர்வ எல்லாம் எழுதலாம், இது பலருக்குத் தெரியல. நாதஸ்வரம், தவில், தேவாரம் படிச்சவங்களுக்குக் கோயில்ல வேலை உண்டு. ராமேஸ்வரமும் திருவாடானையும் தேவாரம் பாடப்பட்ட தலம், நம்ம மாவட்டத்துல ஓதுவாராப் போற புள்ளைக்கு அதவிட பெருமை என்ன வேணும்.

தனியார்ல கிராஃபிக்ஸ், அனிமேஷன், துணி டிசைன், சினிமாவுல ஆர்ட் டிபார்ட்மென்ட். என்கூடப் படிச்சவங்கள்ல நல்லா இருக்குறவங்களும் இருக்காங்க, வேற தொழிலுக்குப் போனவங்களும் இருக்காங்க. முதல் மூணு வருஷம் சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், வீட்டுல அதுக்குத் தாங்குமான்னு முன்னாடியே உக்காந்து பேசிக்கங்க, கடன வாங்கி தனியார் காலேஜ்ல லட்சக்கணக்குல கட்டாதீங்க, அரசுக் கல்லூரியில ஃபீஸ் ரொம்பக் கம்மி.

போன்ல எழுதுனாலே ஏஐ படம் போட்டுத் தருது, இனிமே வரையக் கத்துக்கிட்டு என்ன பண்ண?

படம் வேணும்னா போன் போதும். வரைய வேணும்னா கைதான் வேணும். ஒரு பையன் ஏஐல பாம்பன் படகுன்னு போட்டு எடுத்துட்டு வந்தான், பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல இருந்தது நம்ம கடல்ல ஓடுற படகே இல்ல, அணியமும் இல்ல, வலை இழுக்குற எடமும் இல்ல. அவங்கப்பா கடலுக்குப் போறவரு, பாத்த ஒடனே "இதுல போனா திரும்ப முடியாது"ன்னாரு. எது தப்புன்னு கண்டுபுடிக்கிற கண்ணு வரைஞ்சவனுக்குத்தான் வரும், ஏஐ வச்சு வேலை பாக்குற கம்பெனிக்கும் அந்தக் கண்ணுதான் வேணும்.

அக்கா, ப்ளஸ் ஒன் சேந்ததுல இருந்து டியூஷன், டெஸ்டுன்னு வரையவே இல்ல, ரெண்டு வருஷமாச்சு, கை போயிருச்சு, திரும்ப வருமா?

வரும்மா. எனக்கும் இது நடந்துச்சு. நான் படிச்ச ஸ்கூல்ல பின் பெஞ்சுல உக்காந்து வரைஞ்ச நோட்ட ஒரு டீச்சர் வாங்கிட்டாங்க, பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்னாங்க, தரவே இல்ல. அந்தக் கோவத்துல நான் ஒன்னரை வருஷம் பென்சில் தொடல. காலேஜ் தேர்வுக்கு ரெண்டு மாசம் இருக்கப்ப உக்காந்தா ஒரு டம்ளரோட வாய் வட்டம் வரல, முட்டை மாதிரி கோணலா வந்துச்சு, அன்னைக்கு அழுதேன். நோட்டு போனதவிட அந்த ஒன்னரை வருஷம் போனதுதான் இன்னைக்கும் எனக்கு வலிக்குது, அதனாலதான் ப்ளஸ் ஒன் சேர்ற எல்லாப் புள்ளைகிட்டயும் எந்த க்ரூப்பா இருந்தாலும் கைய மட்டும் நிறுத்தாதன்னு கெஞ்சுறேன்.

பெருசா ஒன்னும் வேணாம். நாப்பது பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்னு, 2பி பென்சில் ஒன்னு. டியூஷன் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற இருபது நிமிசம் போதும், ரப்பர வீட்டுல வச்சிட்டு வந்துரு. எதிர்ல நிக்கிற சைக்கிள், கருவாட்டுக் கூடை, குடை புடிச்சுக்கிட்டு நிக்கிற பாட்டி, எது இருக்கோ அது. தப்பாப் போனா அழிக்காம பக்கத்துலயே திரும்பப் போடு, கீழ தேதி எழுது. முதல் பத்துப் பக்கம் பாக்கவே பிடிக்காது, கிழிச்சிராத, பதினஞ்சாவது பக்கம் வந்தப்புறம் அந்த முதல் பக்கத்தையும் சேத்து எடுத்துக்கிட்டு சனிக்கிழமை க்ளாஸுக்கு வா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்.